சன்னல் வைத்த கேபின்

கொழும்புக் கப்பலில் காற்று வரும் கேபினை நான் எடுத்துக்கொண்டு, மூச்சிளைப்பு உள்ள என் அம்மாவைச் சன்னலே இல்லாத கேபினுக்கு அனுப்பினேன். இரண்டும் ஒன்றுபோலத்தான் என்று பொய்யும் சொன்னேன்.

கதிர்காமப் பயணம் அம்மாவின் வேண்டுதல். பேரன் பிறந்தால் காட்டுப்பாதையைச் செருப்பில்லாமல் நடந்து கடப்பதாக முருகனிடம் சொல்லியிருந்தாள். பேரன் பிறந்தான். பால்குடி மறந்ததும் அவனை நல்லேப்பிள்ளியில் என் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு அப்பா, அம்மா, மனைவி, நான் என நால்வரும் தூத்துக்குடிக்கு ரயிலேறினோம்.

கப்பல் ஆபீஸ் குமாஸ்தா என் கோட்டைப் பார்த்து ஆங்கிலத்திலேயே பேசினார். மேல்தளத்தில் கூட்டமும் மழையும். கேபின் இரண்டுதான் மிச்சம்; ஒன்றில் கடலைப் பார்த்த சன்னல், இன்னொன்று இயந்திரத்தை ஒட்டி உள்ளே இருப்பது, புழுங்கும் என்றார்.

"அவரு என்ன சொல்றாரு, சாமி? நம்மூடு மாதிரி காத்து வருமா?" என்றாள் அம்மா என்னிடம். எங்கள் வீட்டில் மலைக் கணவாய் வழியே வரும் காற்றுக்குக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிப் பழகியவள்.

"எல்லாக் கேபினும் ஒரே மாதிரிதாம்மா."

"ஒரு ராத்திரிக்கு இத்தனை கேள்வியா? விட்டா உன்ற ஆத்தா கப்பல்ல ஊடே கட்டிப்போடுவா!" என்று அப்பா சிரித்தார்.

எனக்குச் சிறுவயது முதலே அடைத்த அறை என்றால் பயம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பெரியவர்கள் இருக்கும்போது கணவனும் மனைவியும் ஓரறையில் தங்குவது எங்கள் வழக்கமில்லை; ஆண்கள் ஒன்றில், பெண்கள் ஒன்றில். யாருக்கு எது என்பதை நான்தான் முடிவு செய்தேன்.

அன்றிரவு அப்பா குறட்டை விட்டார். நான் சன்னலடியில் விழித்துக் கிடந்தேன். போய்ப் பார்த்தால் புழுக்கம் தெரிந்துவிடும், அறையை மாற்ற வேண்டிவரும். ஒருமுறை எழுந்து தாழ்ப்பாளில் கைவைத்தேன். முடியாவிட்டால் கதவைத் தட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பவும் படுத்துவிட்டேன்.

விடிந்து கதவைத் திறந்தபோது நடைபாதையின் கோடியில் என் மனைவி வியர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கீங்க இருந்தீங்க? எல்லாக் கதவும் ஒண்ணாட்டவே இருக்குதுங்க. அத்தைக்கு மூச்சே வரலீங்க. கப்பல்காரன், பேரைச் சொல்லும்மா, எழுப்பித் தரேன்னான்... நான் எப்படீங்க சொல்றது?"

எங்கள் பெண்கள் கணவன் பேரையோ மாமனார் பேரையோ வாயால் சொல்ல மாட்டார்கள். அம்மாவும் அப்படித்தான். அறை எண் இன்னதென்று நானும் சொல்லிவைக்கவில்லை. கடைசியில் அந்தக் கப்பல்காரனே அம்மாவை மேல்தளத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறான்.

ஓடினேன். உதடு கறுத்து, தோள் ஏறியிறங்க, அம்மா ஒரு கயிற்றுச் சுருளில் சாய்ந்திருந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் நடக்கத் தெம்பில்லை. காட்டுப்பாதை முழுவதும் மாட்டுவண்டியில் கால்களை மடக்கிக்கொண்டு, வெளியே பார்க்காமலே வந்தாள்.

கப்பலில் திரும்பும்போது சன்னல் கேபினை அம்மாவுக்கும் மனைவிக்கும் கொடுத்தேன். உள்கேபினின் கதவில் அடையாளத்துக்கு என் துண்டைக் கட்டினேன். பிறகு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"உனக்குப் பயமுன்னு அப்பவே சொல்லியிருந்தா, நான் மேலயே படுத்திருப்பனே சாமி," என்றாள். அந்தச் சன்னல் கேபினுக்கு அவள் இறங்கவேயில்லை. விடியும்வரை மேல்தளத்தில், மழைச்சாரலில், நானும் மனைவியும் அவளோடு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த ஆண்டு நான் மட்டும் போனேன். அவள் வேண்டிய பாதையைச் செருப்பில்லாமல் நடந்து, திருநீறு கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அம்மா பேரனைக் கூப்பிட்டு அவன் நெற்றியில் பூசினாள். மிச்சத்தை மடித்து என்னிடமே நீட்டினாள்.

"நீங்க பூசலீங்களாம்மா?"

"நடந்தது உன்ற காலு, கண்ணு. வேண்டிக்கிட்டது நானு."

அதன்பின் நான்கைந்து வருஷம் இருந்தாள். கதிர்காமம் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.