கறுப்புத் துணி, ஜரிகைப் பொன்னாடை

போன வியாழக்கிழமை ஒரு தப்பு செய்தேன். நல்ல எண்ணத்தோடு செய்த தப்பு. தப்புகளிலேயே மோசமான ரகம் அதுதான், இல்லையா?

என் தோழி மேரி திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. பி.எஸ்ஸி.யில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். அவள் இயற்பியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் பாஸானதே பெரிய விஷயம் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டேன். கல்லூரியில் ஒட்டடை படிந்து கிடந்த ஒரு ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்து, அங்கே நாலு வருஷம் உட்கார்ந்து, குவாண்டம் முறையில் ரகசியச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் கட்டியிருக்கிறாள். வியாழக்கிழமை திறப்பு விழா. செய்து காட்டுவது நல்லபடியாக முடிந்தால் அறை அவளுக்கு. இல்லாவிட்டால் அது ஏ.சி. செமினார் ஹால். கல்லூரிச் செயலாளர் இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கருவி என்ன செய்கிறது? பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்... எனக்கே புரிந்ததைத்தான் சொல்கிறேன். நீளமான மேஜை. இந்தக் கோடியில் அனுப்புகிறவர், அந்தக் கோடியில் வாங்குகிறவர். நடுவில் ஒளி, ஒவ்வொரு துகளாகப் போகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓர் எண் வரிசை கிடைக்கும். அதுதான் சாவி. அதை வைத்துச் செய்தியைப் பூட்டி அனுப்பலாம், அந்தப் பக்கம் திறக்கலாம்.

நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால்? துகள் கலைந்துவிடும். எண்களில் தப்பு வரும். அதனால் கொஞ்சம் எண்களை மட்டும் எடுத்து, இரண்டு பக்கமும் வெளிப்படையாகச் சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தப்பு குறைவு என்றால் திருத்திக்கொள்ளலாம். பதினொரு சதவீதத்தைத் தாண்டினால் சாவியையே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

"ஒப்பிட்டுப் பார்த்த நம்பரை என்னடி பண்ணுவீங்க?" என்று ஒத்திகையின்போது கேட்டேன்.

"அதையும் தூக்கிப் போடணும். வெளிய சொல்லிட்டா அப்புறம் அது என்ன ரகசியம்?"

பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து மடித்து வைக்கிறவள் நான். எனக்கு மனசே ஆறவில்லை.

வந்து சேர்ந்த செய்தியை வாசிக்கும் வேலையை மேரி எனக்குக் கொடுத்திருந்தாள். பத்திரிகையில் எழுதுகிறவள் வாசித்தால் எடுப்பாக இருக்குமாம். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, அரை மணி முன்னாடியே போய்விட்டேன். மேரி வாசலில் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தாள். நான் மட்டும் அறைக்குள் போனேன்.

மேஜையின் வாங்கும் பக்கத்தில் கருவிப் பெட்டி. அதை ஒட்டி ஆளுயரக் குத்துவிளக்கு, பூச்சுற்றி, ஐந்து திரியும் போட்டுத் தயாராக. பெட்டியின் மேலே... தடிமனான கறுப்புத் துணி!

எனக்குத் திக்கென்றது. திறப்பு விழாவில், ஏற்றப்போகிற விளக்குக்குப் பக்கத்தில், கறுப்பா? கல்யாண வீட்டுக்குக் கறுப்புப் பார்டர் புடவைகூடக் கட்டிப்போகாத குடும்பம் எங்களுடையது. தாம்பாளத்தில் பொன்னாடைகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, மஞ்சளும் ஜரிகையுமாகப் பெட்டிக்குப் போர்த்தினேன். கறுப்புத் துணியை மடித்து மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

"இப்பதாங்க மேடம் போட்டோவுக்கு நல்லா இருக்கு" என்றார் போட்டோகிராபர். எனக்கு ஒரே பெருமை.

விருந்தினர் அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருப்பவர். கூட்டத்தோடு உள்ளே வந்த மேரி பொன்னாடையைப் பார்த்தாள். கறுப்புத் துணிக்கு மேலே போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாளாம். பின்னால்தான் சொன்னாள். விருந்தினர் விளக்கேற்றினார். அறை விளக்குகளை அணைத்தார்கள். மேரி பட்டனை அழுத்தினாள்.

திரையில் சிவப்பு. தப்பு: பத்தொன்பது சதவீதம். சாவி நிராகரிக்கப்பட்டது.

மறுபடி அழுத்தினாள். இருபத்தொன்று. சிவப்பு.

செயலாளர் குனிந்து காதோடு பேசினார். அவருடைய ரகசியம் இரண்டாவது வரிசை வரைக்கும் கேட்டது. "மேடம், எரர் கரெக்‌ஷன்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே? அதை வச்சுத் திருத்திடுங்க."

"திருத்தறதுக்கு ரெண்டு பக்கமும் வெளிப்படையா பேசணும் சார். பேசப் பேச விஷயம் வெளிய கசியும். இவ்வளவு தப்பையும் திருத்தி முடிச்சா, ரகசியம்னு ஒண்ணுமே மிஞ்சாது."

"அப்ப அந்தப் பதினொண்ணை இருபத்தஞ்சு ஆக்குங்க. பச்சை வந்தாப் போதும்."

"மாட்டேன் சார்."

குரல் உயரவே இல்லை. அந்த 'மாட்டேன்'-க்காகவே எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. நாலு வருஷ உழைப்பு போனாலும் போகட்டும், பொய்ப் பச்சை காட்ட மாட்டேன் என்று நிற்கிறாளே!

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது வாசிச்சிடுங்கம்மா. என்ன மெசேஜ்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். 'மலைக்கோட்டை மாநகரம் உங்களை வரவேற்கிறது'. அவரே எழுதிக் கொடுத்தது. ஒரே வரி. வாசித்தால் கைதட்டல், சாப்பாடு, மேரிக்கு அறை... உண்மையைச் சொல்கிறேன், வாயைத் திறந்துவிட்டேன். மேரி என்னைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, சும்மா பார்த்தாள்.

"ஒண்ணும் வரலைங்க" என்றேன்.

மேரி மைக்கை வாங்கினாள். "சாவி கிடைக்கலை. யாரோ ஒட்டுக் கேக்கறாங்க, இல்லைன்னா வேற ஏதோ உள்ள நுழையுது. எதுன்னு மெஷினுக்குத் தெரியாது. அதனால எல்லாத் தப்பையும் திருடன் வேலைன்னே எடுத்துக்கும்."

"அப்ப யாரும்மா அந்தத் திருடன்?" என்று விருந்தினர் கேட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தபடியே பெட்டியைப் பார்த்தேன். பொன்னாடையின் இழைகளுக்குள் விளக்கொளி தகதகவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு மேல்மூடி இன்னும் வந்து சேரவில்லை, வெளி வெளிச்சம் புகாமல் காக்க அந்தக் கறுப்புத் துணிதான் மூடி என்று ஒத்திகையில் மேரி சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நான்தாங்க" என்றேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "கறுப்பு ஆகாதுன்னு நான்தான் துணியை மாத்தினேன்."

மேஜைக்கு அடியிலிருந்து கறுப்புத் துணியை எடுத்தேன். செயலாளர் பதறினார். "விளக்கு எரியறப்ப கறுப்பைப் போடாதீங்க! விளக்கை அமர்த்தவும் கூடாது!"

"விளக்கு எரியட்டும் சார்" என்றாள் மேரி. "துணியும் இருக்கட்டும்." பொன்னாடையை எடுத்துவிட்டு, கறுப்புத் துணியை என்னிடமிருந்து வாங்கி உதறிப் பெட்டிக்குப் போர்த்தினாள்.

அதற்குள் விருந்தினரைச் சாப்பிட அழைத்துப் போய்விட்டார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது. மேரி பட்டனை அழுத்தினாள். மூன்று சதவீதம். திருத்தம் முடிந்தது. பச்சை. காலி நாற்காலிகளுக்கும் போட்டோகிராபருக்கும் சேர்த்து, தொண்டை கிழிய வாசித்தேன்: மலைக்கோட்டை மாநகரம் உங்களை வரவேற்கிறது!

திங்கட்கிழமை மேரிக்கு மெமோ வந்தது. 'செயல்விளக்கம் தோல்வியடைந்ததற்கு விளக்கம் அளிக்கவும்.' நம் ஊரில் சிவப்பு எரிந்தால் முதலில் பல்பைத்தானே மாற்றச் சொல்வோம்? ஏன் எரிகிறது என்று கேட்பவருக்குத்தான் மெமோ.

அன்று சாயங்காலம் நான் போனபோது மேரி பதிலை எழுதி முடித்திருந்தாள். "தோல்வியடையவில்லை. வெளியொளி நுழைந்தது. கருவி கண்டுபிடித்தது. சாவி தர மறுத்தது. மறுப்பதற்காகத்தான் அதைக் கட்டினேன்."

"கொஞ்சம் பணிவா எழுதேன்டி" என்றேன்.

"இதுதான் பணிவு. முதல்ல எழுதினதை நீ பார்க்கலை."

அறை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. செயலாளர் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர். படிக்கட்டும். ஐயா, துணியை மாற்றியது நான். மெமோவை என் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு அனுப்புங்கள். அவளிடமிருந்து அறையைப் பிடுங்கினால் அதையும் இதே பக்கத்தில்தான் எழுதுவேன்.

கிளம்பும்போது பெட்டியின் மேலிருந்து கறுப்புத் துணியை எடுத்து, அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். "தூசிடி!" என்று இரண்டு தரம் தும்மினாள்.

நான் ஒருவருக்கு மனசாரப் போர்த்திய முதல் பொன்னாடை அதுதான்.