பத்தி முடியும் வரை

கண் தெரியாதவர்களுக்கான அந்த நூலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பத்தொன்பது வருடமாகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறவள் என்பதால் குரலக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவர் காது. இரண்டு பேரையும் சேர்த்தால் முக்கால் மனிதர் தேறும் என்பார் மேலாளர் அம்மா.

பதிவு அறை பெரிய அலமாரி அளவுதான். வாசிக்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. மைக் எல்லாவற்றையும் பிடித்துவிடும். பத்தே நிமிடத்தில் உள்ளே புழுங்கித் தள்ளும். பதினெட்டு வருடம் அதை அவள் பொருட்படுத்தவில்லை. பத்தொன்பதாவது வருடம் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின.

தடிப்பில்லை, பொரியில்லை. தோலுக்கு அடியில் யாரோ கம்பளி நூலை உருவி இழுப்பது போன்ற அரிப்பு. மூன்று வகைக் களிம்பு தீர்ந்தது. "கத்தரிக்காய விட்டுத் தொலைங்க அண்ணி" என்றாள் நாத்தனார். விட்டாள். கத்தரிக்காய்தான் மிச்சமானது. கடைசியில் இரத்தப் பரிசோதனை கல்லீரலைக் காட்டிக்கொடுத்தது. அதற்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் பழுதாகி, பித்தநீர் சரியாக வடியவில்லை. அரிப்பு அதனால்தான் என்றார் மருத்துவர். குழாய்களுக்கு மாத்திரை, அரிப்புக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடி.

"இது ஒட்டுமா டாக்டர்?"

"யாருக்கும் ஒட்டாது. உங்கள விட்டு சீக்கிரத்துல போகவும் போகாது."

கணவரிடம் மட்டும் சொன்னாள். நூலகத்தில் மூச்சு விடவில்லை. பேருந்தில் அவள் கையைச் சொறிவதைப் பார்த்த ஒருத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனது நெஞ்சில் அப்படியே இருந்தது.

அதனால் தானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். பத்தி முடியும் வரை கையைத் தொடுவதில்லை. முடிந்ததும் மைக்குக்கு முதுகைக் காட்டி ஆசை தீரச் சொறிந்துகொள்வது. பிறகு அடுத்த பத்தி. நடுவில் விழும் சத்தத்தைக் காது வெட்டிவிடுவார், தொண்டை செருமுகிறாள் என்று நினைத்து. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அப்போது கையில் இருந்தது தொள்ளாயிரம் பக்கச் சட்டப் புத்தகம். அதற்காகக் காத்திருந்த சட்ட மாணவருக்குத் தேர்வு எழுதும் முன்பே வக்கீல் என்று பெயர் விழுந்திருந்தது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"குரலக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்கள யாராவது தொரத்துறாங்களா?"

"என்ன தம்பி கேக்குறீங்க?"

"பத்தி ஆரம்பத்துல நடக்குறீங்க. நடுவுல வேகமா நடக்குறீங்க. கடைசி வரியில ஒரே ஓட்டம். ஒரு பிரிவுல 'தவிர'ங்கற வார்த்தையவே முழுங்கிட்டீங்க. அந்த ஒரு வார்த்தை இல்லன்னா கொலகாரன் ஜம்முன்னு வெளிய நடந்து வந்துடுவான்."

அவளுக்குச் சுருக்கென்றது. பத்தி முடிந்தால் சொறியலாம் என்ற அவசரம் குரலில் ஏறியிருக்கிறது. கண்ணால் பார்க்கிற யாருக்கும் தெரியாதது, காதால் கேட்டவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளே மேலாளர் அம்மா கூப்பிட்டார். ஒலிப்பதிவைக் கேட்ட வேறு இருவரும் அதையே குறையாக எழுதியிருந்தார்கள். "புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. இந்தப் புத்தகத்த அவ படிக்கட்டுமே. நீங்க குழந்தைங்க கதை மாதிரி லேசா எதாவது வாசிங்க."

லேசா என்ற சொல்தான் அவளைக் கிளப்பிவிட்டது.

"எனக்குக் கல்லீரல்ல கோளாறு மேடம். அதனால அரிப்பு. ஒட்டாது. ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் டயம் குடுங்க. ஒரே வாரம். வக்கீல் அதுல குறைன்னு ஒண்ணு சொன்னாருன்னா, நானே புத்தகத்தக் கொண்டுபோய் அந்தப் பொண்ணு கையில வைக்கிறேன்."

மேலாளர் அம்மா தன் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒரு வாரம்" என்றார்.

அன்றே மருத்துவமனைச் செவிலியரிடம் பேசினாள். காலை அவசரத்தில் பொடியையும் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "பொடி மாத்திரையையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்மா. நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க" என்றார் செவிலியர். தள்ளிப் போட்டாள். நகத்தை ஒட்ட வெட்டினாள். பொழுது ஏற ஏற அரிப்பும் ஏறியதால், மதியப் பதிவை விடிகாலைக்கு மாற்றிக்கொண்டாள். மேசைமேல் ஒரு தட்டையான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர்; சத்தம் எழாமல் அடியில் துண்டு.

ஓடுவதில்லை என்று தீர்மானித்தாள். அரித்தால் இடது கையைத் தூக்குவாள். காது பதிவை நிறுத்துவார். தண்ணீரில் கை வைத்து, சொறியாமல், நூறு எண்ணிவிட்டு அந்த வாக்கியத்தின் முதலிலிருந்து தொடங்குவாள்.

"ஒரு பக்கத்துல பதினோரு ஒட்டு" என்றார் காது. "நான் இங்க வேலை பாக்குறது ரெக்கார்டிங்கா, தையலா?"

"தையல் வெளிய தெரியாம தைங்கண்ணே."

முணுமுணுத்தாரே தவிர, மூன்றாம் நாளிலிருந்து அவள் கை உயரும்போதெல்லாம் மின்விசிறி தானாகச் சுழன்றது. சுவிட்சு அவர் பக்கம்தான் இருந்தது.

அந்தத் 'தவிர' வாக்கியம் ஏழு வரி. நடுவில் வெட்டி ஒட்டினால் பொருள் கெடும். நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் கையைத் தூக்கினாள். ஐந்தாம் முறை இரண்டாவது வரியிலேயே உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் அழுத்தினாள். ஓடத் துடித்த நாக்கை இழுத்துப் பிடித்து, இன்னும் மெதுவாக வாசித்தாள். 'தவிர' வந்தது. அதன்மேல் ஒரு நொடி நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, குரலில் முட்டவில்லை.

வாரக் கடைசியில் மேலாளர் அம்மாவின் அறையில் வக்கீலின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"ஓட்டம் இல்ல. 'தவிர' கல்லு மாதிரி நிக்குது. ஒட்டு எங்கன்னு தேடிப் பாத்தேன், சிக்கல. ஒரே ஒரு குறைதான். முப்பத்தேழாவது நிமிஷத்துல தண்ணி சலசலங்குது. அங்க மீன் கீன் வளக்குறீங்களா?"

காது சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "குறைன்னு சொல்லிட்டாரு மேடம். பேச்சு பேச்சுதான்."

"அய்யய்யோ, உக்காருங்க குரலக்கா!" என்று ஸ்பீக்கர் அலறியது. "குறைன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். மேடம், அந்தப் புத்தகத்த அவங்க கையில இருந்து வாங்கினீங்கன்னா, என் மொத கேஸே உங்க மேலதான்."

மேலாளர் அம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். "காது, அந்த மீன வெட்டி எடுங்க. குரலக்கா, நீங்க ஏன் இன்னும் நிக்கிறீங்க? எழுநூத்திச் சொச்சம் பக்கம் பாக்கி இருக்கு."

பதிவு அறையில் பாத்திரத்தின் அடியில் இன்னொரு துண்டை மடித்துப் போட்டாள். கண்ணாடிக்கு அப்பால் காது விரலை உயர்த்தினார். முதல் வாக்கியம் முடிவதற்குள் வலது உள்ளங்கை அரிக்கத் தொடங்கியிருந்தது. அவள் அவசரப்படாமல் முற்றுப்புள்ளி வரை நடந்துபோய், இடது கையைத் தூக்கினாள்.