கண்ணியமான மருந்து

ஈரானின் ஷிராஸ் நகரத்தவனான மெஹ்ர்தாத், ஆஸ்திரேலியாவின் ஸ்பிரிங்வேலில் ஒரு வெதுப்பகத்தில் மாப் பிசைபவன். இருபது வயதில் 'ஐஸ்' என்னும் போதைப்பொருளுக்கு அடிமையாகி, ஊரிலேயே சிகிச்சை பெற்று அதை விட்டொழித்தான். ஆயினும் குடும்ப மானம் கருதி, தாயார் அவனைப் படகேற்றி அங்கே அனுப்பினார். மகன் மேற்படிப்புக்குப் போயிருப்பதாக ஊராரிடம் சொல்லிவைத்தார்.

2012இல் ஒரு ஞாயிறு மாலை, ஸ்கைப்பில் தாயார் பூரித்துப் போயிருந்தார்.

"தங்கச்சியைப் பார்! ரெண்டு மாசத்திலை பதினைஞ்சு கிலோ குறைஞ்சிட்டாள். நித்திரையும் இல்லை, எந்த நேரமும் வீட்டைத் துடைச்சபடி."

அருகில் நஸ்ரின் ஓயாமல் பற்களை நெறுமிக்கொண்டிருந்தாள். 'ஐஸ்' இழுத்த நாட்களில் அவனும் அப்படித்தான் நெறுமினான்.

"என்ன மருந்து அம்மா குடுக்கிறியள்?"

"அழகு நிலையத்திலை குடுக்கினம். கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும். அதின்ரை புகையை இழுக்க வேணும்."

"ஐயோ, அதைத்தானே அம்மா நானும் இழுத்தனான்!"

"வாயைக் கழுவு! நீ இழுத்தது தெருப் பொடியளோடை. அங்கை வாறது டொக்டர்மாரின்ரை பெண்சாதியள்."

புகையிலும் குலம் கோத்திரம் பார்த்த தாயார், கோபத்தோடு தேநீர் ஊற்றக் குசினிக்குள் போனார். நஸ்ரின் திரையருகே குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, நீ எப்பிடி விட்டனீ?"

மானம் காக்க நாடு கடத்தப்பட்டவனிடம், அந்த வீட்டில் ஒருவர் முதன்முறையாக யோசனை கேட்கிறார். மெஹ்ர்தாத் கதிரையைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.