நாற்பது கிராம் குறைத்த மேடம்

குற்றாலத்தில் முதல் நாள் சோதனை ஓட்டத்தின் லாக் புத்தகத்தில் என் கையால் நான் எழுதியது இது: ‘வந்திருந்தவர்கள்: சீஃப் மேடம், டெஸ்ட் டிரைவர், நான். வராதவர்: பேட்டரி சூட்டைக் கவனிக்கும் இன்ஜினியர் (தங்கை கல்யாணம்).’ இந்தப் பட்டியலில் இரண்டு பிழைகள். மேடத்தின் தராசையும் ஓர் ஆளாகச் சேர்த்திருக்க வேண்டும். நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன மின்தராசு. கைப்பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. அது இல்லாமல் அவர் எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது பிழை பெரியது. அன்று காலை வண்டி நின்ற குடோனுக்குள் என் அப்பாவும் இருந்தார்.

எங்கள் கம்பெனி செய்துகொண்டிருந்தது அதன் முதல் ஹைபிரிட் சூப்பர்கார். நடுவில் பெட்ரோல் இன்ஜின், முன்சக்கரங்களுக்கு இரண்டு மோட்டார், சீட்டுக்குப் பின்னால் பேட்டரி. மெதுவாகப் போகும்போது பேட்டரியில் ஓடும், மூச்சுவிடும் சத்தம்கூட இருக்காது. காலை அழுத்தினால் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் விழித்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய காரியத்தில் என் பங்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். வலது கதவுக்குப் பின்னால் மீன் செவுள் மாதிரி ஒரு திறப்பு இருக்கும். அதில் நுழையும் காற்றை, இன்ஜினை ஒட்டிப் போய், பேட்டரியின் வலதுபாதிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் குழாய். அதை மேடம் பதினோரு முறை திருப்பி அனுப்பினார். சுவர் தடிப்பாம், வளைவு பெரிதாம். அவருக்கு எடைதான் பகை. ஒரு போல்ட் நீளமாக இருந்தால், வீட்டுக்கு வந்த விருந்தாளி எழுந்து போகாததுபோல அதைப் பார்ப்பார். கடைசியில் வளைவை இறுக்கி நாற்பது கிராம் குறைத்தோம். “இவ்வளவு இறுக்கினா காத்து போகுமாப்பா?” என்று கேட்டார். “போகும் மேடம்” என்று வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். கையெழுத்துப் போடச் சொன்னால் யோசிக்காமல் போட்டுவிடும் ஒரு சந்தோஷம் அப்போது இருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சாரலில் பேட்டரிக்குள் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்கத்தான் வண்டியைச் சென்னையிலிருந்து மூடிய லாரியில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்தோம். இலஞ்சி போகும் வழியில் ஒரு தேங்காய்க் குடோனை வாடகைக்குப் பிடித்தது நான். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது, வீட்டு ஆட்களும் வெளியாட்களே என்று தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதிலும் நான் சந்தோஷமாகப் போட்டிருந்தேன்.

முதல் நாள் காலை மேடமும் டிரைவர் அண்ணனும் சாப்பிடப் போன நேரத்தில் அப்பா தூக்குவாளியோடு வந்து நின்றார். கடையம் தோட்டங்களிலிருந்து புளியங்குடி மண்டிக்கு எலுமிச்சை ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ அவருடையது. அம்மா கொடுத்துவிட்ட சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பியிருக்கலாம். மகன் செய்த வண்டியை ஒரு நிமிஷம் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தேன். உருவம் தெரியாமலிருக்க வண்டி முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழி போட்ட தாள் ஒட்டியிருந்தோம். “என்னல இது, கோலத்துல தண்ணிய ஊத்துன மாதிரில்லா இருக்கு” என்றார். வண்டி ஆனில்தான் இருக்கிறது என்று சொன்னபோது, பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த நேரம் எனக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. நான் வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தார். “நல்லா இருக்கு. நான் வாரேன்” என்று கிளம்பிவிட்டார். லாக் புத்தகத்தில் அவரை எழுதாமல் விட்டேன்.

அன்று மாலையே பேட்டரியின் வலதுபாதி இடதுபாதியைவிட ஏழு டிகிரி சூடாக இருந்தது. சென்ஸார் பொய் சொல்கிறது என்று மாற்றினோம். பொய் சொல்லவில்லை. மறுநாள் குளிர்நீர்க் குழாயில் காற்றுக்குமிழ் இருக்குமோ என்று பார்த்தோம். இல்லை. பாக்கி இருந்தது என் வளைவு. அடித்தட்டைக் கழற்றினால்தான் குழாயைத் திறக்க முடியும். அதற்கு அறுபத்து நான்கு போல்ட். சென்னைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேடம். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குழாய் தப்பு என்று அறிக்கை போனால் பக்கவாட்டுப் பாகங்களின் வார்ப்பு அச்சு முழுவதையும் மாற்ற வேண்டும். நிரந்தரமாகாத ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புவது அதைவிடச் சுலபம். ஊரில் அப்பாவோ, சூப்பர்காரை நான் ஒற்றை ஆளாகச் செய்ததாக மண்டி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

மூன்றாம் நாள் பழைய குற்றால அருவிக்கு ஏறும் மேட்டில் பெட்ரோல் இன்ஜின் முதல்முறையாக நெடுநேரம் ஓடியது. குடோனுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியதும் டிரைவர் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். ஆலங்குளத்துக்காரர், சாப்பாட்டு விஷயத்தில் அவர் மூக்கு தப்பாது.

“மேடம், பக்கத்துல யாரோ எலுமிச்சஞ்சாதம் தாளிக்காங்க.”

“வண்டிக்குள்ள சாப்பாடு கொண்டுவந்தீங்களா அண்ணே?”

“இல்ல மேடம். காலைல அஞ்சு புரோட்டா. அது வயித்துக்குள்ளதான் இருக்கு.”

அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன். வெளியே ஓடிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். வண்டியில் ஏதாவது கட்டினீர்களா என்று கேட்டேன்.

“கெட்டாம விடுவனா? அவ்வளவு பெரிய வண்டி, கண்ணு படாதா? முன்னால ஒரு கம்பி கெடையாது, ஒண்ணு கெடையாது. கதவுக்குப் பின்னால ஓட்டைக்குள்ள ஒரு தகடு இருந்துச்சு, அதுல கெட்டுனேன். பழமும் மொளகாயும். ஏம்ல, காணலையா?”

நூல் அறுந்து பழம் உள்ளே போயிருக்கிறது. என் இறுகிய வளைவு அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. சொல்லாவிட்டால் குழாயால் வேலை போகும். சொன்னால் பொய் லாக்கால் வேலை போகும். யாருமில்லாத நேரத்தில் கையை விட்டு எடுத்துவிடலாம் என்று தோன்றியது. விட்டும் பார்த்தேன். முழங்கைக்கு மேல் போகவில்லை. கை உள்ளே இருக்கும்போதே பின்னால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஸ்பானரை எடுத்துக் கீழே படுத்தார். மூன்று பேரும் சேர்ந்து அறுபத்து நான்கு போல்ட்டையும் கழற்றினோம். வெந்து பழுப்பேறிய ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு மிளகாய், ஒரு முழம் நூல். மேடம் பழத்தைத் துடைத்துத் தராசில் வைத்தார். ஐம்பத்திரண்டு கிராம்.

“ஆறு மாசமா நான் குறைச்சதை உங்கப்பா ஒரு நிமிஷத்துல வட்டியோட ஏத்திட்டாரு. கூப்பிடு அவரை.”

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். தராசில் இருந்த பழத்தைப் பார்த்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. “மொதத் தரம் மேடம். சின்னப் பழமா கெட்டியிருந்தா பொசுக்குன்னு அந்தப் பக்கம் போயிருக்கும். பய செய்த வண்டியாச்சேன்னு பெருசாப் பாத்துக் கெட்டிட்டேன்.”

மேடம் பழத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இந்த வண்டியை வாங்குறவங்க எல்லாரும் கட்டுவாங்களா?”

“கெட்டாம எப்படி மேடம் வண்டிய எடுப்பாவ?”

மேடம் என் பக்கம் திரும்பினார். “மழையை யோசிச்சோம், தூசியை யோசிச்சோம். இதை யோசிக்கல. தப்பு பழத்துல இல்ல, நம்ம டிசைன்லதான்.” லாக் புத்தகத்தை என் கையில் கொடுத்து, விடுபட்ட பெயரை எழுதச் சொன்னார். பொறுப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “திருஷ்டி” என்றார். என் வேலை போகவில்லை. பொய் லாக்குக்காக நிரந்தரமாவது மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது மேடம் வேறு நாட்டில் வேறு கம்பெனியில் இருக்கிறார். தராசை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். என் மேசையில்தான் இருக்கிறது. போன மாதம் ஷோரூமில் அந்த வண்டியைப் பார்த்தேன். வலது செவுளுக்குள் ஒரு சின்ன வலை. பாகங்களின் பட்டியலில் அதன் பெயர் எல்.எம். கார்டு, அதாவது எல்.எம். தடுப்பு. எல்.எம். என்றால் என்ன என்று வெளிநாட்டு சப்ளையர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லெமன் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. முன்பக்கம் குனிந்து தேடினால் மட்டும் தெரியும் இடத்தில் ஒரு கொக்கி. யாரோ அதில் பழம் கட்டியிருந்தார்கள். இரண்டாம் தரம்தான்.

வலை முப்பத்தாறு கிராம், கொக்கி ஏழு. நாங்கள் அரும்பாடுபட்டுக் குறைத்தது நாற்பது. அப்பா அன்று வந்துபோனதில் எங்களுக்கு ஆன செலவு மொத்தம் நாற்பத்து மூன்று கிராம்.