சொரசொரப்புக்குப் பொட்டு வைத்த பாக்கியம் அக்கா

"மாமா, அம்மா போயிட்டாங்க" என்று பாக்கியம் அக்காவின் மகள் போன வாரம் தொலைபேசியில் சொன்னபோது, த்ரீவீல் பம்பர் ஒன்றுக்காகக் கலக்கிய ரெசின் என் கையில் இருந்தது. கலந்த ரெசின் யாருக்காகவும் காத்திருக்காது, கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும். அழுதுகொண்டே பூசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அக்கா இருந்திருந்தால், "வேலைய முடிச்சிட்டு அழுங்க தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் அவரிடம் வளர்ந்த உங்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அம்மாமார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன நேரமெல்லாம் உங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். அங்கே பிள்ளைகள் விளையாட நிற்கும் மஞ்சள் சறுக்கு எப்படி வந்தது என்பது மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது.

அதற்கு முன் சொரசொரப்பான சிமெந்துச் சறுக்கு ஒன்று இருந்தது. அதில் தர்ஷினி என்ற நாலு வயதுப் பிள்ளைக்குக் காலில் தோல் உரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் சறுக்கைக் கண்டாலே அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டகலையில் ஃபைபர் வேலை செய்யும் என் பட்டறைக்கு வந்தார். "ஜனவரில அது ஸ்கூலுக்குப் போயிரும் தம்பி. அதுக்குள்ள பயம் தெளியணும். ஒரு சறுக்கு செஞ்சி தாங்க" என்றார். கேட்டதுபோல் இல்லை, உத்தரவு போட்டதுபோல் இருந்தது.

அச்சை நானே கட்டினேன். அச்சில் ஒரு கீறல் இருந்தால் அதிலிருந்து எடுக்கும் சறுக்கிலும் அதே கீறல் விழும். அதனால் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். நான் கையால் தடவிப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பேன். அக்கா தன் பழைய நைலெக்ஸ் சேலையை அதன்மேல் இழுப்பார். நூல் மாட்டிய இடத்திலெல்லாம் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுவார்.

"என்னாக்கா, அச்சுக்கு அம்மை போட்டிருச்சா?" என்று கேலி செய்தேன்.

"ஒங்க கை காய்ச்சுப்போன கை. அதுக்கு என்னா தெரியும்?" என்றார்.

குளிர்ந்த தண்ணீரில் என்னோடு சேர்ந்து தேய்த்துத் தேய்த்து அவர் விரல்கள் வெடித்துவிட்டன. கைக்குப் பூசிக்கொள்ள ஒரு டின்னில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து வைத்தார். நம்மூர்க் குளிரில் அது எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? ரெசின் ஒட்டாமலிருக்க அச்சில் தடவும் மெழுகைப் போலவே வெள்ளையாக உறைந்து கிடந்தது. நான் கடைக்குப் போன நேரத்தில், ஒரு வேலை குறையட்டுமே என்று அக்கா மெழுகைத் தடவி வைத்தார். தடவியது எண்ணெய். மேலே பூசிய ரெசின் திரிந்த பால்போலத் திரண்டு, திட்டுத் திட்டாக அச்சோடு ஒட்டிக்கொண்டது. பெயர்த்தெடுத்தபோது நாங்கள் இழைத்த அச்சின் மேற்பரப்பும் சேர்ந்தே போயிற்று.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அக்கா டின்னை முகர்ந்து பார்த்தார். "ரெண்டும் ஒறஞ்சி கெடந்தா நான் என்னத்தக் கண்டேன்? திட்டி முடிச்சிட்டீங்கன்னா பேப்பர எடுங்க" என்றார். முதலிலிருந்து தொடங்கினோம். ஜனவரியும் வந்தது, தர்ஷினி பள்ளிக்கூடம் போய்விட்டாள். அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

சறுக்கைக் கொண்டுபோய் நிறுத்திய நாளில் பிள்ளைகள் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒருவரையும் ஏறவிடவில்லை. பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருந்து, தர்ஷினியை வெள்ளை யூனிஃபோர்மோடு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவள் மாட்டேன் என்று அழுதாள். அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அந்த வயதில், தானே ஏறிச் சறுக்கிக் காட்டினார். பிறகு கீழேயே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். "வா சாமி, நான் இருக்கேன்ல."

தர்ஷினி கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். எழுந்து திரும்பித் தன் காலைத் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி ஏணிக்கு ஓடினாள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்தப் பகலைத்தான். வேலை நன்றாக வந்திருக்கிறதா என்று யார் கேட்டாலும், எனக்குத் தெரிந்த ஒரே பதில் அந்தப் பிள்ளை இரண்டாம் தரம் ஏறியதுதான்.