ஆயுத பூஜையில் போன ஃபைல்

நாகேந்திரன் நல்லவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக டைம்கீப்பர். ஒருத்தரிடம் ஓசி டீ குடித்ததில்லை. நல்லவராக இருந்து யாருக்கு என்ன பிரயோசனம், அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஆபீஸ் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம் வைக்கப் போனவர், ஈரத் துணியில் ஷாக் அடிக்குமோ என்று பயந்து மெயின் ஸ்விட்சை இறக்கினார். வருகைப் பதிவு ஃபைல் திறந்தபடியே கிடந்தது. அதற்கப்புறம் அது திறக்கவே இல்லை. வாராவாரம் பென் டிரைவில் காப்பி எடுத்திருக்கிறோமே என்று தெம்பாகப் போட்டுப் பார்த்தார். ஒன்பது வருஷமாக மனுஷன் காப்பி எடுத்தது, ஃபைலைத் திறக்கத் திரையில் வைத்திருந்த குட்டிப் படத்தை மட்டும். சாவியைப் பெட்டி என்று நினைத்துப் பத்திரப்படுத்திய கதை.

வேறு சமயமென்றால் நாலு திட்டோடு போயிருக்கும். இப்போது சுலைமான் பாய் படுத்த படுக்கையாகிவிட்டார். பதினோரு வருஷம் அங்கே மணல் சலித்தவர். நெஞ்சு முழுக்கத் தூசி, நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. ஒப்பந்தக் கூலி என்பதால் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வேலை பார்த்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் வைத்தியம். முதலாளியோ, அப்படி ஒரு ஆளே தங்களிடம் இருந்ததில்லை என்று கடிதமே கொடுத்துவிட்டார், பாவி. மிச்சமிருந்த சாட்சி அந்த ஃபைல் ஒன்றுதான்.

பூஜை லீவில் யாருக்கும் தெரியாமல் கம்ப்யூட்டர் பெட்டியையே எடுத்துக்கொண்டு கொரட்டூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரசன்னாவிடம் போனார். அவன் இரண்டு நாள் மல்லுக்கட்டினான். மூன்றாம் நாள் சாயந்திரம் பாயின் மனைவி சபீனாவும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தேதி, ஷிப்ட் எல்லாம் வந்துட்ச்சுண்ணா," என்றான் பிரசன்னா. "ஆனா அதுல வெறும் நம்பர்தான் கீது. எந்த நம்பர் யாருன்னு தனியா ஒரு லிஸ்ட் இருந்திச்சில்ல, அது பூட்ச்சு. இன்னா பண்ணாலும் வராது."

திரையில் நாற்பத்தேழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறை திறந்திருந்த ஒரு நாள்கூடத் தப்பவில்லை. அது யார் என்று நாகேந்திரனுக்குத் தெரியும். அவர் கையால் கொடுத்த நம்பர்.

சபீனா ஒன்றும் மக்கு இல்லை. "உங்களுக்குத் தெரியும்லண்ணா. நாப்பத்தேழு இவருதான்னு ஒரு கையெயுத்து போட்டுக் குடுங்க, போதும்."

அந்த ஃபைல் பேசிவிட்டால் தான் வாயைத் திறக்க வேண்டாமே என்றுதானே நாகேந்திரன் இத்தனை நாய்ப்பாடு பட்டார். ரிட்டையராக இரண்டே வருஷம். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

"ஐயாவ ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேம்மா," என்றார்.

கடிதம் கொடுத்த அதே ஐயாதான் என்று மூன்று பேருக்கும் தெரியும். சபீனா அழவில்லை, ஏசவுமில்லை. பிரசன்னா பக்கம் திரும்பினாள்.

"அந்த நாப்பத்தேழ மட்டும் காயிதத்துல அடிச்சுக் குடுப்பா."

"பேரில்லாம அது எதுக்குக்கா? எங்கயும் செல்லாது."

"வூட்ல படுத்துக்கெடக்காரே, அவரு பாக்கட்டும். ஒரு நாள்கூட லீவு போடலன்னு அவராச்சும் பாக்கட்டும்."

பிரிண்டர் அறுபத்து நாலு பக்கம் அடித்தது. அது முடிகிறவரை நாகேந்திரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.