அக்காவின் சீட்டு

ஒக்கலிபுரத்தில் ஒரு பள்ளியின் பின்கட்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் வகுப்பு. பெரியவர்களுக்குக் கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். பாதிப் பேரை வேலைவாய்ப்பு மையம்தான் ஒரு சீட்டோடு அனுப்பும். படிக்கத் தெரிந்ததும் அதே சீட்டில் நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் வேலைக்குப் பெயர் போகும்.

அப்படி வந்தவர் ஒரு தமிழ் அக்கா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவார். ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலை மேல் அவருக்குக் கண். அதற்கு வார்டுப் பலகையும் நோயாளி பெயரும் படிக்கத் தெரிய வேண்டும். ஆறே மாதத்தில் கடகடவென்று பிடித்துக்கொண்டார். வகுப்பே அவரால் களைகட்டியது. புதிதாக வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அவரிடம்தான் சந்தேகம் கேட்பார்கள்.

அவரை அனுப்ப எனக்கு மனசே வரவில்லை. கூட்டெழுத்து இன்னும் பழகட்டும் என்று ஒரு மாதம், வேகம் வரட்டும் என்று இன்னொரு மாதம். சுத்தச் சுயநலம், வேறென்ன!

ஒரு புதன்கிழமை அக்கா வகுப்பு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபைலிலிருந்து அவருடைய சீட்டு கீழே விழுந்தது. எடுத்தவர் நின்ற இடத்திலேயே விரலை ஓட்டிக் கன்னடத்தில் வாய்விட்டுப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"படிக்கத் தெரிஞ்சதும் அனுப்பி வைங்கன்னு போட்டிருக்காங்களே மிஸ். இன்னும் அனுப்பலையா?"

"அடுத்த மாசம்..." என்று இழுத்தேன்.

"ஐயோ மிஸ், வெள்ளிக்கிழமையோட ஆள் எடுக்கிறது முடியுதாம். சென்டர் மேடம் சொன்னாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையா, எனக்கு இன்னும் படிப்பு வரலை போலன்னு நான் வாயே திறக்கலை."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சீட்டை வாங்கி, 'நன்றாகப் படிக்கிறார்' என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அக்கா அதை உடனே மடித்து வைக்கவில்லை. எழுத்தெழுத்தாகப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. சீட்டு மறுபடி என்னிடமே வந்தது.

"தேதி போடலையே மிஸ்."

போட்டேன். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

திங்கட்கிழமை மையத்திலிருந்து போன் வந்தது. அக்கா வார்டில் சேர்ந்துவிட்டாராம். அன்று மத்தியானம் வகுப்பில் எல்லோரும் சந்தேகத்தை என்னிடமே கேட்டார்கள். சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தேன்.